இத்தாலிக் கார் மலையிறங்கிய நாள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்து முதலாளியின் பங்களா கராஜில் ஒரு இத்தாலிக் கார் நின்றது. சிவப்பு நிறம். இரண்டே இருக்கைகள். என்ஜின் முதுகுக்குப் பின்னால். பக்கத்தில் நின்றால் கூரை என் நெஞ்சுக்குக்கூட வராது. முதலாளி இத்தாலியில் பொறியியலாளராக இருந்தபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. இங்கே வந்தபின் அது ஓடியதே இல்லை என்று சொல்லலாம். எங்கள் பாதை மோசம் என்பது ஒரு காரணம். அதில் ஒரு கீறல் விழுந்துவிடுமோ என்ற அவருடைய பயம் அதைவிடப் பெரிய காரணம். கிழமைக்கு ஒருமுறை நான் போய் என்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் நிறுத்தி, மறுபடி துணி போட்டு மூடிவிட்டு வருவேன்.

அவர் இறந்தபின் அவர் மனைவி காரை விற்பதென்று முடிவெடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பிலிருந்து வந்த தரகர், ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பார்த்தார். நம்பாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பழைய கார் சேர்க்கிறவர்கள் இப்படி ஓடாத வண்டியைத்தான் உலகமெல்லாம் தேடுகிறார்களாம். வெளிநாட்டில் ஒருவர் வாங்கச் சம்மதித்தார். கப்பலுக்கும் நாள் குறித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தோட்டத்துப் பாதையில் மண் சரிந்து, கீழே இருக்கும் பாலத்துக்குச் சற்று மேலே ஒரு வளைவில் பாதையில் பாதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. காரை ஏற்றிப்போக வரும் பெரிய லொறி தார் ரோட்டிலேயே நிற்கவேண்டும். கார் தானாகத்தான் கீழே இறங்கியாக வேண்டும்.

ஓட்டப்போவது நான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, நீங்கள் முன்னால நடந்து வழி காட்டுங்கோ. நான் ஓட்டுறன்."

"அம்மா, கிளச்சு ரொம்ப கடுசுங்க. ஸ்டியரிங் வேற இடது பக்கம். அந்த வளைவுல நீங்க பள்ளத்துப் பக்கமா உக்காந்திருப்பீங்க."

"தெரியும். இத்தாலியில அவர் ஓட்டேக்க நான் பக்கத்து சீட்டிலதான் இருந்தன். ஒருக்காக்கூட எனக்குத் தரேல்லை."

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அன்று பின்னேரம் கராஜுப் பக்கம் போனபோது, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு அம்மா காருக்குள் உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடவில்லை. கிளச்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதுமாகத் தனியாகப் பழகிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அப்படியே. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்தார். என் ஏமாற்றம் அப்போதே கரைந்துவிட்டது.

காரை இறக்கும் நாளன்று காலையில் மழை விட்டிருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் சாக்குகளில் சரளைக்கல் கொண்டுவந்து குழிகளை நிரப்பினார்கள். தொழிற்சாலையிலிருந்து தடித்த பலகைகள் வந்தன. தரகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மீற்றர் கேபிளைக் கழட்டிருங்க. கீழ போய் மாட்டிக்கலாம். மீற்றர் ஏறினா பெறுமதி எறங்கும்."

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "கழட்டவேண்டாம். ஓடினதை ஓடேல்லை எண்டு நான் சொல்லமாட்டன்."

கார் புறப்பட்டது. நான் காருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி கையைக் காட்டிக்கொண்டே இறங்கினேன். குழி வரும் இடமெல்லாம் பெண்கள் பலகையைப் போடுவார்கள். கார் தாண்டியதும் அதையே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். சரிந்த வளைவில் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் ஓரத்தில் ஏறி நின்றுகொண்டார்கள்.

"பயப்படாம வாங்கம்மா," என்றாள் அவர்களில் மூத்தவள். "பலகை அசையாது. நாங்க மிதிச்சிக்கிட்டு இருக்கோம்."

அந்த வளைவில் பாதி தூரம் வந்ததும் காரின் அடிவயிறு கல்லில் உராய்ந்தது. அந்தச் சத்தத்துக்குத் தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா பிரேக்கை மிதித்தபடி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அவருக்கு இடப்பக்கம் வெறும் பள்ளம்தான்.

"பின்னால எடுக்க ஏலாதுங்க," என்றேன். "முன் சக்கரத்துக்கு இன்னொரு பலகை போட்டா ஏறிடும்."

"அப்ப போடுங்கோ."

போட்டோம். கார் மெதுவாக ஏறி, ஒருமுறை சாய்ந்து, நிமிர்ந்து வந்தது. பலகையில் நின்ற பெண்களின் கால்கள் பலகையோடு சேர்ந்து சேற்றில் புதைந்திருந்தன. ஒருத்திகூட அசையவில்லை.

தார் ரோட்டுக்கு வந்ததும் லொறிக்காரர்கள் பின்கதவைத் திறந்து தயாராக நின்றார்கள். அம்மா அங்கே நிறுத்தவில்லை. என் பக்கத்தில் வந்துதான் நிறுத்தினார்.

"ஏறுங்கோ தம்பி."

"அம்மா, மேலெல்லாம் சேறுங்க."

"பரவாயில்லை, ஏறுங்கோ."

தரகர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. நேர்ப்பாதை வந்ததும் அம்மா காலை அழுத்தினார். கிழமைதோறும் நின்ற இடத்தில் நான் கேட்டுப் பழகிய சத்தம் இல்லை அது. என் முதுகெலும்புக்குள்ளிருந்தே கிளம்பியதுபோல் இருந்தது. தேயிலைச் சரிவுகள் இருபக்கமும் பச்சைக் கோடாகிப் போயின. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் கலங்கவுமில்லை. பரீட்சை எழுதுகிறவர்போல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலவாக்கலைப் பக்கம் ஒரு கோயில் திருப்பம்வரை போய்த் திருப்பினார்.

திரும்பி வந்ததும் தரகர் முதலில் மீற்றரைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து உராய்ந்த இடத்தைப் பார்த்தார்.

"இரண்டையும் வாங்கிற ஆக்களிட்டச் சொல்லுங்கோ," என்று சாவியைக் கொடுத்தார் அம்மா. "வேண்டாமெண்டால் திருப்பிக் கொண்டுவாங்கோ. எனக்குச் சந்தோசம்தான்."

வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் கப்பலேறிவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது.

அன்று காரை ஏற்றி அனுப்பியபின், தார் ரோட்டில் நின்ற என் கொழுந்து லொறியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலம்வரை வந்தேன். வழியில் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார்.

"இப்பதான் நடுங்குது," என்றார்.

பாலத்தருகே பலகை சுமந்த பெண்கள் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்திருந்தார்கள். அம்மா இறங்கிப் போய் அவர்களோடு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மூத்தவள் கோப்பையை நீட்டினாள். கை நடுக்கம் நிற்கும்வரை அவளே அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.