கோபுரத்திலிருந்து பேசியவர்

ஜெர்மனியில், ஹனோவருக்கு வெளியே ஒரு மண் பந்தயத் தடத்தில் மூன்று கோடைகாலம் நான் காதுக்கருவி பார்த்தேன். ஸ்பிரிண்ட் கார் எனும் சின்னப் பந்தயக் கார் ஓட்டுபவர்களின் தலைக்கவசத்துக்குள் சின்ன ரேடியோ ஒன்று இருக்கும். கோபுரத்தில் நிற்கும் பந்தய அதிகாரி பேசுவது அதில் கேட்கும். ஓட்டுபவர் திருப்பிப் பேச முடியாது. அது காதில் இல்லாமல் ஓடக் கூடாது என்பது விதி; கார் தடத்துக்குள் போகுமுன் ஒவ்வொருவருக்கும் அது வேலை செய்கிறதா என்று பார்த்துத் தாளில் அடையாளமிடுவது என் பொறுப்பு. அண்ணன் கார் ஓட்டினான்; அதனால் நானும் போய்ச் சேர்ந்தேன்.

அந்த அதிகாரி வாரநாட்களில் சமையலறை அலமாரி விற்பவர். கடையில் வாடிக்கையாளர்கள் குறுக்கே பேசுவார்கள் போலும். இங்கே யாராலும் பேச முடியாது என்பதே அவருக்குப் பேரின்பம். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை; பச்சை, ஓடு; சிவப்பு, நில்; பிறகு எந்த வளைவு, எந்த வரிசை: சொல்லவேண்டியது இவ்வளவுதான். அவரோ வளைவை எப்படி எடுப்பது என்று வகுப்பு நடத்துவார். பகிடி விட்டுத் தானே சிரிப்பார். வாழ்நாளில் ஒரு பந்தயமும் ஓடாத மனிதர்.

அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. நான் அடையாளமிட்டதும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவான்.

"அந்தாளின்ர அலட்டலைக் கேட்டுக்கொண்டு கார் ஓட ஏலாது. லைற்றும் கொடியும் இருக்குத்தானே."

"அப்ப நான் என்னத்துக்கு அடையாளம் போடுறன்?"

"நீ போடு. ஆர் கேக்கப் போகினம்?"

நானும் போட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், இரண்டாம் வளைவில் ஒரு பெண்ணின் கார் சுழன்று குறுக்கே நின்றது. நான் கோபுரத்தில் அதிகாரியின் பக்கத்தில் நின்றேன். மஞ்சள் விளக்குப் பொத்தான் அவர் கையருகே இருந்தது. அவர் அதைத் தொடாமல், சுழன்றதற்காக அவளைத் திட்டத் தொடங்கினார். திட்டிய வாக்கியத்தை முடித்தும் வைத்தார். வளைவில் நின்ற கொடிக்காரர் மஞ்சள் கொடி அசைத்தது புழுதியில் தெரியவில்லை. புழுதிக்குள்ளிருந்து வந்த அண்ணன் அவள் கார்மீது மோதினான். அதன்பிறகுதான் "மஞ்சள்" வந்தது. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

அடுத்த வாரம், தடத்தை நடத்தும் கிளப்பின் அறையில் விசாரணை. கார் சுழன்ற உடனே மஞ்சள் சொன்னதாக அதிகாரி கூறினார். இல்லை, மோதிய பிறகுதான் சொன்னீர்கள் என்றேன். அவர் அன்பாகச் சிரித்தார்.

"ஜெர்மன் உங்கள் தாய்மொழி இல்லையே. அந்தச் சத்தத்தில் தவறாகக் கேட்டிருக்கலாம்."

நான் பிறந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஜெர்மனில் மஞ்சளுக்கு 'கெல்ப்' என்று ஒரே ஓர் அசை.

பிறகு அண்ணனைக் கேட்டார்கள். கருவி காதில் இருந்தது, மஞ்சள் உடனே கேட்டது, தளர்ந்த மண்ணில் பிரேக் பிடிக்கவில்லை என்றான். அதிகாரி தலையாட்டினார். ஒருவர் பொய்யை மற்றவர் பொய் தாங்கிப் பிடித்தது. இருவரையும் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. என் தாளை மேசையில் வைத்தேன்.

"அண்ணன் கருவியை அணியவில்லை. தெரிந்தே அடையாளமிட்டது நான்."

அந்தப் பருவம் முழுக்க அண்ணனுக்குத் தடை. என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதிகாரிக்குச் சுருக்கமாகப் பேசும்படி ஒரு கடிதம் போனது.

"சொந்த அண்ணையைக் காட்டிக் குடுத்திட்டாய்," என்றான் அவன், காரில்.

"ஓம். என்னையும்தான்."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டோடு கதவைத் திறந்தாள்.

"அவர் திட்டத் திட்ட நான் தலைக்கவசத்துக்குள் கத்தினேன், மஞ்சள் போடுங்கள் என்று," என்றாள். "யாருக்குக் கேட்கும்?"

அதை எழுதிக் கிளப்புக்கும் அனுப்பினாள். அதிர்ச்சியில் இருந்தவருக்கு நேரக் கணக்கு தெரிந்திருக்காது என்று பதில் வந்தது. கையெழுத்து அதிகாரியுடையது.