கன்னியம்மாளின் ஒன்றரை ஏக்கர்

திருவண்ணாமலை முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அருணகிரி, சாட்சிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். அழுபவர், புளுகுபவர், சத்தியம் செய்துவிட்டு மறந்துபோகிறவர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் 1983இல் கன்னியம்மாள் கூண்டேறிய அன்று, கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றுவிட்டார்.

கன்னியம்மாளுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். புருஷன் இறந்ததும் டவுனுக்கு வந்து, ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தாள். ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனால், நிலத்தில் வரப்பையே காணோம். பக்கத்து நிலத்துக்காரரான ரைஸ் மில் சக்கரவர்த்தி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து உழுதிருந்தார். கேட்கப் போனவளை மில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். 1975இல் அருணகிரியின் வக்கீல் மூலமாக வழக்குப் போட்டாள்.

எட்டு வருஷம் வாய்தா. ஒன்றுக்குக்கூட அவள் வராமல் இருந்ததில்லை. பத்திரம், பட்டா எல்லாம் அவள் பக்கம் பேசின. ஆனால் அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி உட்கார்ந்தவர், நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. அத்தனை வருஷமும் அனுபவித்த விளைச்சலுக்கும் ஈடு கட்ட வேண்டும். அதிலிருந்து தப்பத்தான் சக்கரவர்த்தி, "வெறும் கரடு, ஒண்ணும் விளையல" என்று சாதித்தார்.

அவருடைய வக்கீல் எழுந்தார்.

"ஏம்மா, உன்ன நிலத்துக்குள்ளயே விடலன்னு சொல்ற. அப்புறம் என்னா விளைஞ்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நிலத்துக்காரியா போனப்பதான் விடல சாமி. கூலிக்காரியா போனா யாரு தடுக்கப் போறாங்க?"

ஜட்ஜ் பேனாவை நிறுத்தினார்.

"வருஷா வருஷம் கடலை புடுங்க, ஆளுங்களோட சேர்ந்து போவேன் சாமி. மொத வருஷம் பத்தொம்போது மூட்ட. அடுத்த வருஷம் பூச்சி விழுந்துது, பதினொண்ணுதான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருவதுக்குக் கம்மியில்ல. மழ இல்லாத வருஷம் நாலே மூட்ட."

தன் நிலத்தில் குனிந்து, தன் கடலையைப் பிடுங்கி, அதற்கு அடுத்தவனிடம் கூலி வாங்கியவள், குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்தாள். எட்டு வருஷமாக அவளுக்கு மனு எழுதிய அருணகிரிக்கே இது புதிய செய்தி.

அடுத்து சக்கரவர்த்தியின் மேஸ்திரி வேடியப்பனைக் கூப்பிட்டார்கள். வெளியே வராந்தாவில் காத்திருந்த அவனுக்கு உள்ளே நடந்தது தெரியாது.

"வழக்கு நிலத்தில் இந்த அம்மாவைப் பார்த்திருக்கிறாயா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"பாக்காம என்னங்க? நம்ம நிலத்துல வருஷாவருஷம் கடலை புடுங்க வர்ற ஆளு. கை நல்லா சுருக்கு."

சக்கரவர்த்தி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எதுவும் விளையாத கரட்டில் கடலை எப்படிப் பிடுங்கினார்கள் என்று யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் அருணகிரி கேட்டார். "ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"கேஸுக்கு ஆகும்னு எனக்கு என்னாங்க தெரியும்? என் நிலத்த பாக்காம இருக்க முடியல. அதான் போனேன்."

நிலமும், அத்தனை வருஷத்து விளைச்சலுக்கான தொகையும் அவளுக்கே என்று தீர்ப்பானது. மறுவருஷம் ஆடியில் கோர்ட் அமீனா வந்து, தண்டோரா போட்டு நிலத்தை ஒப்படைத்தார். அருணகிரியும் போயிருந்தார். கன்னியம்மாள் எல்லாரையும் விட்டுவிட்டு வடக்கு மூலைக்கு நடந்தாள்.

"மண்ணு அரிச்சிட்டிருக்குது. மழைக்கு முன்ன வரப்ப கட்டணும்" என்று சொல்லி, யாரிடமோ மண்வெட்டி வாங்கிப் புடவையை இழுத்துச் செருகினாள்.

அருணகிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த நிலத்தில் கால் வைத்தார்.