மரியேலாவின் இடது கால்

போன வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போட்டேன். புகை கிளம்பியதும் முதலில் ஸ்மோக் அலாரம் அலறியது. ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்கும்போது, பாலே ஆடுகிறவர்கள் வழுக்காமலிருக்கக் காலணியில் தேய்த்துக்கொள்ளும் பைன் பிசின் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பிசினோடு மரியேலாவும்.

2005இல் நான் ஹூஸ்டனில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். வீடு கேட்டி என்ற புறநகரில். ஃப்ரீவேயை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் தெரிந்த துஆவெல்லாம் ஓதி முடித்துவிடுவேன். விசா, கிரீன் கார்டு என்று தபால்காரரைப் பார்த்தாலே பயம் வரும்.

மரியேலா ஒன்பது வயதில் ஹவானாவில் ஆடத் தொடங்கியவர். பத்தொன்பதில் ஒற்றைப் பெட்டியோடு அமெரிக்கா வந்து, இருபது வருடம் பாலே குழுவில் முதன்மை நடனமணியாக ஆடியவர். நகரப் பேருந்துகளின் பக்கவாட்டில் அவர் படம் ஓடும். எனக்கு இதெல்லாம் தெரியாது. முதல் நாள் அவருடைய பாலே காலணியை வாங்கி, கெட்டியான முனையைத் தட்டிப் பார்த்து, உள்ளே இரும்பா என்று கேட்டேன்.

"துணியும் பசையும்தான். இரும்பு கால்ல இருக்கணும்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்கென்னவோ தமிழிலேயே ஞாபகமிருக்கிறது.

அவருடைய விடைபெறும் ஆட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரலை வைத்து அழுத்தினேன். முகம் மாறவில்லை. கால்விரல்கள் மட்டும் சுருண்டுகொண்டன. எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"தசைப்பிடிப்புன்னு எழுதுங்க. ஒரே ஒரு ஷோ. அப்புறம் இந்தக் காலை நீங்களே வச்சுக்கங்க."

எழுதினால் டாக்டர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். எழுதாவிட்டால் மேடையில் எலும்பு முறியலாம். ஒரு நாள் டைம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கணவர் ரஃபீக்கிடம் சொன்னேன்.

"எழுதிடு. லைசென்ஸ் போச்சுன்னா விசாவும் போயிடும்."

"அவங்க முப்பது வருஷமா ஆடறாங்க."

"கால் ஒடஞ்சா யாரு அழப்போறது? நீதான்."

மறுநாள், எலும்பில் கீறல் இருக்கலாம் என்று ஒன்றரை வரி எழுதினேன். அவருக்காகவா, விசாவுக்காகவா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஸ்கேனில் கீறல் தெரிந்தது. மரியேலா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. வேறு தெரபிஸ்ட் வேண்டுமென்று மட்டும் வரவேற்பில் சொல்லிவிட்டார்.

ஆட்டத்துக்கு நானும் ரஃபீக்கும் போனோம். அவர் இடத்தில் ஓர் இளம்பெண் ஆடினாள். முடிவில் மரியேலா வந்தார். ஊன்றுகோல் இல்லை, காலில் கட்டும் இல்லை. மேடை நடுவரை நடந்து, அந்த இடது காலிலேயே முழு பாரத்தையும் வைத்து, தரைவரை தாழ்ந்து வணங்கினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் மட்டும் எழவில்லை.

"கையை விடு, நகம் குத்துது" என்றார் ரஃபீக்.

மரியேலா மெதுவாக நிமிர்ந்தார். கால் தாங்கியது.

அதன்பிறகு அவர் ஆடவில்லை. ஒரு வருடத்தில் ஊரை விட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். பழைய நோயாளிகளின் ஃபைல்களை, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிட்டார்களாம். என் கோழிக்கிறுக்கலில் நான் எழுதிய அந்த ஒன்றரை வரியும் அதில்தான் போயிருக்கும்.