மேல் வீட்டு மஞ்சள் கயாக்

முடிச்சூர் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று விரால் பிடிப்பவன் நான். பெரிய விரால் எல்லாம் நடு ஏரியில், அல்லி இலைகளுக்கு அடியில்தான் கிடக்கும். கரையிலிருந்து எவ்வளவு எக்கி வீசினாலும் தூண்டிலில் மாட்டிய என் ரப்பர் தவளை அங்கே போய் விழாது.

இன்று காலை மேல் வீட்டு பிரபு, கார் மேல் ஒரு மஞ்சள் கயாக் படகைக் கட்டிக்கொண்டு எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வந்து இறங்கினார். போன மாதம்தான் என்னிடம் தூண்டில் முடிச்சு போடக் கற்றுக்கொண்டவர். வயிறு எரிந்தது.

"ரெண்டு சீட்டா எடுத்துட்டீங்களே சார். மீன் பிடிக்க ஒத்த சீட்டுதான் சரி. இது பிக்னிக் போறதுக்கு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே துடுப்பைத் துடைத்தார்.

அதற்குள் அபார்ட்மென்டே கீழே கூடிவிட்டது. மீனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"அப்பாடா, இந்த வருஷம் மழைக்குக் கவலையில்ல" என்றார் அசோசியேஷன் செக்ரட்டரி. கவர்டு பார்க்கிங்கில் கயாக்குக்கு உடனே இடம் ஒதுக்கினார். என் பைக்குக்கு நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே இடம்.

எங்களுடையது தரைத்தள வீடு. உள்ளே வந்தால் மனைவி சொல்கிறாள்: "பிரபு சார்கிட்ட சொல்லி வச்சிட்டேன். வெள்ளம் வந்தா நானும் பாப்பாவும் முதல் ட்ரிப்."

"அப்போ நான்?"

"உங்களுக்குத்தான் தண்ணில நின்னு பழக்கமாச்சே."

மூன்று சீட்டு கயாக் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மஞ்சள் மட்டும் வேண்டாம்.