கம்பி மேல் ஒரு கை

ஜோடித்துச் சொல்வதானால் இதை இன்னும் அழகாகச் சொல்லலாம். நடந்ததை நடந்தபடி சொல்வதால் அங்கங்கே முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். லிங்கசாமி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். அவரிடம் போய் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். முன்பு அப்படி இல்லை. பேய் என்று சொன்னவனை, "எங்கே, கூட்டிட்டு வா பார்க்கலாம்" என்று கேட்ட ஆள்.

குன்னூர் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு ஓட்டு வீடு. மரகதத்தின் வீடு. அவளுடைய முதல் புருஷன் கீர்த்திவாசன் கட்டியது. அவர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து மரகதத்தை லிங்கசாமி கட்டிக்கொண்டார். லிங்கசாமி டீ ஃபேக்டரியில் வயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் பெண்டாட்டி இல்லை. இந்த வயதில் கல்யாணமா என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், யார் சோறு போடப் போகிறார்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கூடத்துச் சுவரில் தொங்கிய கிட்டார் ஒன்றைத் தவிர.

கரண்டில் வாசிக்கிற கிட்டார். கீர்த்திவாசனுடையது. மரகதம் அதற்கு வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். அடிக்கடி அதைத் துவைத்து, காயவைத்து, மறுபடி மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுவாள். லிங்கசாமியின் சட்டை கொடியிலேயே கிடந்து பனியில் நனையும். அந்த உறை ஒரு நாளும் நனைந்ததில்லை. இதை லிங்கசாமி கவனித்தார். வயிறு எரிந்தது.

செத்தவனோடு சண்டை போட முடியாது. அவன் திருப்பிப் பேச மாட்டான். தப்புச் செய்ய மாட்டான். கிழவனாகவும் ஆக மாட்டான்.

குன்னூர் பஜாரில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அயூப்தான் அந்த எரிச்சலை ஊதிவிட்டவர். பல்பு வாங்கப் போன இடத்தில் பேச்சு வந்தது.

"கீர்த்தி சார் கிளப்புல வாசிச்சா கேட்டுட்டே இருக்கலாமுங்ணா. மரகதக்கா முன்னாடி சேர்ல உக்காந்திருப்பாங்க. அவரு மேல வெச்ச கண்ணை எடுக்க மாட்டாங்க."

"நீ பல்பைக் கொடு."

"ஒரே ஒரு குறைதான் அவருக்கு. வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு கையால செஞ்சு அதுல வாசிக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாரு. செய்யத் தெரியாமலே போயிட்டாரு, பாவம்."

லிங்கசாமி வாங்கிய பல்பை மேஜை மேல் திரும்ப வைத்தார். "அது எங்கே கிடைக்கும்?"

"சாமானெல்லாம் ஒரே பெட்டியில தனித்தனியா வருதுங்ணா. நாமதான் ஈயம் பத்த வெச்சுச் சேத்துக்கோணும். உங்களுக்கு எதுக்கு? வாசிச்சு யாரை மயக்கப் போறீங்க?"

"போனைப் போட்டு வரவழை."

பெட்டி வந்தது. தகரச் சட்டம், கனமான டிரான்ஸ்ஃபார்மர், கலர் கலராக வயர், கண்டன்சர், ஸ்பாஞ்சில் முட்டை மாதிரி பொதிந்த கண்ணாடி வால்வுகள். கூட வந்த தாளில் எல்லாம் இங்கிலீஷ். லிங்கசாமி ஐந்தாவதோடு நின்றவர். ஆனால் படம் இருந்தது. படம் போதும். ஸ்பீக்கருக்குப் பெட்டியைப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே அடித்தார்.

மரகதம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது வேண்டாமுங்க."

"எது வேண்டாம்?"

"அது பாட்டுக்குச் சுவத்துல தொங்கட்டும். மிக்ஸி ரிப்பேரா கிடக்குது, அதைப் பாருங்க."

"நான் தொட்டா தீட்டா?"

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போனாள். அந்தப் பேசாமையை லிங்கசாமி தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அவன் பொருளை நான் தொடக் கூடாது. அப்படித்தானே?

அதற்குப் பிறகு அவர் வேலையைப் பார்க்க வேண்டுமே. ஈயம் உருக உருக ஒவ்வொரு பற்றிலும் கீர்த்திவாசனுக்கு ஒரு குத்து. உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி அதை உட்கார்ந்து பார்க்கப் போகிறாள்.

வேலை முடிந்த அன்று மத்தியானமே மூடுபனி ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டார். வால்வுக்குள் மெதுவாகச் சிவப்பு ஏறியது. சூடான தூசி வாடை. கிட்டாரைச் சுவரிலிருந்து எடுத்தார். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அறுத்தார். உறையைக் கழற்றி வயரைச் செருகினார்.

உம்ம்ம்ம்ம்...

தாழ்ந்த இரைச்சல். வாசிக்கத் தெரியாது. சும்மா கம்பி மேல் கையை வைத்தார். இரைச்சல் அடங்கியது. கையை எடுத்தார். வந்தது. மறுபடி வைத்தார். அடங்கியது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மனுஷக் கை கம்பியைத் தொட்டால், அந்த உடம்பே எர்த் மாதிரி வேலை செய்யும். கை இருந்தால் சத்தம் இல்லை. கை இல்லாவிட்டால் சத்தம். வயர்மேனுக்கு இது புரியாதா?

கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மரகதம், இங்கே வா. அந்த ஆளுக்கு வராதது எனக்கு வந்துருச்சு."

அவள் ஈரக் கையோடு வந்தாள். நிலைப்படி தாண்டினாள்.

இரைச்சல் நின்றது.

லிங்கசாமி தன் கையைப் பார்த்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். கிட்டார் எதிர்ச் சுவரில். பக்கத்தில் யாரும் இல்லை.

மரகதம் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கவே இல்லை. கிட்டாரைத்தான் பார்த்தாள். முகம் வெளுத்துத் திரும்பிப் போனாள்.

உம்ம்ம்ம்ம்...

எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன். அவர் அப்படித்தான் நினைத்தார். பற்று ஒவ்வொன்றையும் பார்த்தார். வயர் செருகுகிற ஜாக்கை மாற்றினார். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுப் புதிதாக எர்த் இறக்கினார். இரைச்சல் குறைந்தது. ஆனால் போகவில்லை.

பக்கத்து வீட்டு அங்கம்மா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். "என்னங்ணா, ஊட்டுக்குள்ள வண்டு வளக்கறீங்களா?" என்று கேட்டு, நின்று, ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டுப் போனாள். இரைச்சல் நிற்கவில்லை.

அயூப் வந்து பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை.

மரகதம் வந்தால் மட்டும் நின்றது.

காபி கொண்டு வா என்றார். வந்தாள், நின்றது. சர்க்கரை பத்தலை என்றார். போனாள், கேட்டது. கண்ணாடியை எடுத்து வா. நின்றது. போ. கேட்டது. லிங்கசாமிக்கு இப்போது பயம் இல்லை. பயத்தை விட மோசமான ஒன்று இருந்தது. அவள் உள்ளே வந்ததும் எவனோ கம்பி மேல் கையை வைத்து, மூச்சை அடக்கி, அவளைப் பார்க்கிறான். தன் வீட்டில். தன் கண் முன்னால்.

அன்றைக்கு அவள் தலையில் டிசம்பர் பூ இருந்தது. யாருக்கு?

"யார் வர்றா?" என்று கேட்டார்.

அவள் காபி தம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு... யாருமில்லீங்க."

"நீ வந்தாதான் நிக்குது. அவன்தானே?"

மரகதம் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "நீங்களுமா" என்றாள். அவ்வளவுதான்.

"நான் ஒருத்தன் உசுரோட உக்காந்திருக்கேன். நீ செத்தவனோட குடித்தனம் பண்றே. போ. உன் தங்கச்சி ஊட்டுக்கே போ."

மறுநாள் காலையில் ஒரு பையோடு அவள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினாள். வாசலில் நின்று, "அதை நிறுத்திட்டு நீங்களும் என்கூட வந்துருங்க" என்றாள். லிங்கசாமி கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் நாலரை மணி. பனி இறங்கி, எதிர் வீட்டு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. லிங்கசாமி ஸ்விட்சைப் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டார்.

உம்ம்ம்ம்ம்...

"காத்துட்டு இரு. அவ வர மாட்டா."

சேரில் சாய்ந்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு மனசு குளிர்ந்தது. கத்திக்கொண்டே கிட. அப்படியே கிட.

நின்றது.

அவர் வாசலைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. அடுக்களையில் யாரும் இல்லை.

உம்ம்ம்ம்ம்... மறுபடி வந்தது. நின்றது. வந்தது.

அவள் இல்லை. அப்படியானால் யாருக்காக?

எழுந்தார். கட்டிங் பிளேயரை எடுத்தார். கிட்டாரைத் தரையில் கிடத்தி ஒவ்வொரு கம்பியாக அறுத்தார். டங்... டங்... அறுந்த கம்பி ஒன்று விரலைக் கீறியது. பரவாயில்லை. ஆறையும் அறுத்து, சுருட்டி, ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

இனி தொடுவதற்குக் கம்பியே இல்லை. எந்தக் கை வந்தாலும் இரைச்சலை நிறுத்த முடியாது. இது கரண்டின் சட்டம்.

வந்து உட்கார்ந்தார்.

உம்ம்ம்ம்ம்ம்ம்...

அப்படித்தான். சரி.

உம்ம்ம்ம்...

நின்றது.

லிங்கசாமி அசையவில்லை.

வந்தது... நின்றது... வந்தது... நின்றது...

ஒரே சீராக. அவசரம் இல்லாமல். கையை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து... அழுகிற பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி.

அப்போதுதான் தோளில் கனம் தெரிந்தது.

சத்தம் நின்றால் கனம். சத்தம் வந்தால் இல்லை.

நின்றது... கனம்.

வந்தது... இல்லை.

கம்பி போய்விட்டது. கை வேறு இடம் பார்த்துக்கொண்டது.

தட்டியது.

தட்டியது.

ஆறுதல் சொல்வது போல. அவள் போனால் போகிறாள், நான் இருக்கிறேன் என்பது போல.

பிறகு சத்தம் நின்றது. திரும்ப வரவில்லை.

கனமும் எழவில்லை.

விரல்கள்... மெதுவாக... இறுகின.

எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. செருப்புப் போடவில்லை. கதவைச் சாத்தவில்லை. தேயிலைக்குள் விழுந்தடித்து ரோட்டுக்கு வந்து, கிடைத்த வண்டியில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மரகதத்தின் தங்கை பொன்னாயி வீட்டுக் கதவைத் தட்டினார்.

மரகதம்தான் திறந்தாள். சேறு படிந்த காலைப் பார்த்தாள். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"அவரும் இப்படித்தாங்க கேட்டாரு. யார் வர்றான்னு."

"எவரு?"

"கீர்த்திவாசன். அந்தக் கிட்டார் அவருது இல்லீங்க. எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணறப்ப மேனேஜர் கொடுத்துட்டுப் போனது. பொண்டாட்டி விட்டுட்டுப் போன மனுஷன், கொஞ்ச நாள்லயே செத்தும் போயிட்டாரு. கீர்த்திவாசன் ஊட்டுல சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபயர் வெச்சிருந்தாரு. நான் வந்தா சத்தம் நிக்கும். முதல்ல சிரிச்சாரு. அப்புறம் அந்த மேனேஜர் உனக்கு என்ன உறவுன்னு கேக்க ஆரம்பிச்சாரு. மேனேஜர் மூஞ்சியைக்கூட நான் சரியாப் பார்த்ததில்லை."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? செத்த புருஷனை நினைச்சுட்டுக் கதை கட்டறேன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பார்.

"யாருக்காச்சும் தூக்கிக் கொடுத்திருக்கலாம்ல?"

"எந்த ஊட்டுக்குங்க கொடுக்கறது? அங்கேயும் புருஷன் பொண்டாட்டி இருப்பாங்கல்ல. நம்ம ஊட்டுலயே கட்டிப் போட்டு வெச்சிருந்தேன்."

மேலே ஃபேன் சுற்றியது. மேட்டுப்பாளையத்து வெக்கையிலும் லிங்கசாமி எழுந்து அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். மரகதம் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியில என்னை இதே ஊட்டுக்குத்தான் அனுப்பினாரு. மறுநாள் போன் வந்துச்சு. சேர்ல உக்காந்தபடியே போயிட்டாருன்னாங்க. மாரடைப்புன்னாங்க. குளிப்பாட்டினவங்கதான் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. ஒரு தோள் மட்டும் கன்னிப் போயிருந்துச்சாம். அஞ்சு விரலும் தனித்தனியாத் தெரிஞ்சுதாம்."

அவள் கை அவர் சட்டைப் பொத்தானுக்கு வந்தது.

"கழட்டுங்க. நான் பார்க்கறேன்."

லிங்கசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கழற்ற விடவில்லை. எந்தத் தோள் என்றும் கேட்கவில்லை.