பதினொன்று ஏழுக்கு நான் அழித்த கைபேசி

என் கைபேசி தொலைந்தது ஒரு புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு. சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் தினமும் ஐந்தரைக்கு உட்கார்ந்து ஐந்து நாற்பதுக்கு எழுந்துவிடுவது என் வழக்கம். அன்று நான் எழுந்தேன், கைபேசி பெஞ்சிலேயே இருந்துவிட்டது. கடையிலிருந்து வீட்டுக்கு நானூற்றுப் பதினெட்டு அடி. நானூறாவது அடியில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பி ஓடியபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு நான்கு கம்பெனி பஸ்கள் கிளம்பிப் போயிருந்தன.

கைபேசிக்குள் இருந்தவை இரண்டு. ஒன்று, என் ஓய்வூதியம் வருகிற வங்கியின் செயலி. மற்றது என் மனைவியின் சர்க்கரைக் கணக்கு. "மூணு மாசம் வீட்டுலயே பார்த்து எழுதிட்டு வாங்க. அதை வச்சுத்தான் மாத்திரை போதுமா, இன்சுலின் ஊசி போடணுமான்னு சொல்ல முடியும்" என்றிருந்தார் டாக்டர். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே என் மனைவிக்கு வியர்த்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று தொண்ணூற்றிரண்டு நாள் மிஷினில் எடுத்துக் கைபேசியில் குறித்தேன். மூன்று தவறியது போக நூற்று எண்பத்தொரு எண்கள். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் வருகிற சனிக்கிழமை.

"நோட்டுல எழுதுங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்றாள் மனைவி. அன்று மட்டும் இதை ஒன்பது முறை சொன்னாள். இணையத்தில் தானாக ஒரு நகல் சேமித்துவைக்கும் வசதி கைபேசியில் உண்டு. டேட்டா வீணாகிறது என்று அதை அணைத்து வைத்தவனும் நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

மனைவியின் பட்டன் போனிலிருந்து பத்தொன்பது முறை அழைத்தேன். மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மாடியில் குடியிருக்கும் பெண் தென்காசிப் பக்கத்துக்காரி. ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே என் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டுத் தன் போனில் போட்டாள். கைபேசி இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று வந்தது. ஒரகடம் சாலையில் ஒரு தொழிற்சாலை வாசலில் பச்சைப் புள்ளி நின்றது.

"திருடன் உள்ளே வேலை செய்கிறான்!" என்றேன்.

"ஏன் தாத்தா இப்படிப் பதறுதிய? கம்பெனிக்குள்ள போன் கொண்டு போவ முடியாது. கேட்டுலயே லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள விடுவாவ. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சாத்தான் கையிலயே எடுக்க முடியும். பொறவு யாரு எடுப்பா?" என்றாள். நான் மறுபடியும் வந்து கதவைத் தட்டிவிடக் கூடாதே என்று தன் போனையே என்னிடம் கொடுத்தாள். "புள்ளியப் பாத்துட்டே இரிங்க. இந்த 'அழி'ங்கிறத மட்டும் தொட்டுராதிய. தொட்டா உள்ள இருக்கிறது அம்புட்டும் போயிரும்."

இரண்டு மணி நேரம் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அது நகர்ந்தது. வாசலிலிருந்து சாலைக்கு வந்தது. சாலையிலிருந்து எதிர்ப்புறம் இருக்கும் ஏரிக்கு நடுவே போய் நின்றது.

"ஓடுகிறான்!" என்று கத்தினேன்.

"ஏரிக்குள்ள எப்படிங்க ஓடுவான்?" என்றாள் மனைவி. "சும்மா இருங்க. என் கணக்கு உள்ள கீது."

"பென்ஷனும் உள்ளேதான் இருக்கிறது" என்று சொல்லி, பதினொன்று ஏழுக்கு அழுத்திவிட்டேன். 'உறுதியா?' என்று ஒரு முறை கேட்டது. உறுதி என்றேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு விரைவாக எடுத்த முடிவு வேறில்லை.

மனைவி அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். "ஊசி போடறது எனக்கு. அழுத்தறது இவரு" என்று சுவரிடம் சொன்னாள்.

இரண்டு ஐம்பதுக்கு டீக்கடைக்காரர் ஒரு பெண்ணை வீட்டுக்கே அழைத்துவந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் என் கைபேசி. "பெஞ்சுல கெடந்துச்சு தாத்தா. பஸ்ஸு கெளம்பிருச்சு, அதான் கையோட எடுத்துட்டுப் போயிட்டேன். லாக்கர்ல கெடந்து கத்திக்கிட்டே இருந்துச்சுன்னு செக்யூரிட்டி என்னையத் திட்டுனாரு. எடுத்துப் பாத்தா புதுப்போன் மாதிரி வணக்கம் சொல்லுது" என்றாள்.

எனக்கும் வணக்கம் சொன்னது. உள்ளே ஒன்றும் இல்லை. இன்னும் மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் எல்லாம் இருந்திருக்கும்.

மாலையில் மாடிப் பெண் தன் போனை வாங்க வந்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "போன் லாக்கர்லதான் கெடந்துருக்கும் தாத்தா, புள்ளி அப்படித்தான் அங்கிட்டும் இங்கிட்டும் தாவும்" என்றாள். பிறகு, "சுகர் பாக்குற மிசினு எங்க?" என்றாள். அவளுக்குத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. "மிசினு தான் பாத்த நம்பர மறக்காது தாத்தா" என்று பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். தேதியும் நேரமுமாக எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். உயிர் திரும்பி வந்தது.

எழுதும் முன் மிஷினில் இருந்தவற்றை எண்ணினால் இருநூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தொன்று அதிகம். அவ்வளவும் பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் எடுத்தவை. நான் தூங்குகிற நேரம். மிஷினில் செருகும் பரிசோதனை அட்டைகள் மாதத்துக்குப் பத்துப் பத்தாகக் குறைகின்றன என்று மருந்துக் கடைக்காரரிடம் நான் இரண்டு முறை சண்டை போட்டிருந்தேன்.

"ஒரு ஜாங்கிரி துன்னா பயமா இருக்காதா? அதான் ஏறிச்சான்னு பாத்தேன்" என்றாள் மனைவி. "அதெல்லாம் எழுதாதீங்க. நூத்தி எண்பத்தியொண்ணு போதும். இதப் பாத்தா ஊசிதான்."

என்னால் அது முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று எண்பத்தொன்றை மட்டும் எழுதிவிட்டு எப்படித் தூங்குவது? எல்லாவற்றையும் எழுதினேன். சனிக்கிழமை வரை அவள் என்னிடம் பேசவில்லை. காபி மட்டும் வந்தது, சத்தத்தோடு வைக்கப்பட்டது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். நான் கோடு போட்டு எழுதியிருந்த காலை எண்களையும் இரவு எண்களையும் விரலால் தடவிக்கொண்டே தாண்டிப் போனார். மூன்று மணி எண்களில் விரல் நின்றது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது யார் எடுத்தது?"

"நான்தான் சார்" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்று.

"சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறுதுன்னுதான் எனக்கு முக்கியமா தெரியணும். சாருக்கு அன்னிக்கே சொன்னேன். அவர் எழுதவே இல்ல." நான் கூரையைப் பார்த்தேன். "நாலு தடவைதான் ரொம்ப ஏறியிருக்கு. ஸ்வீட் தின்னீங்களா?"

"ஜாங்கிரி சார்."

"அதை விட்டுடுங்க. இப்போதைக்கு ஊசி வேணாம், மாத்திரையே போதும். ஆனா இனிமே நீங்களே பாருங்க, நீங்களே எழுதுங்க."

மிஷின் இப்போது அவள் அலமாரியில் இருக்கிறது. நோட்டும் அங்கேதான். தினமும் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு "எவ்வளவு?" என்று கேட்கிறேன். "டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்கிறாள்.