யாக்கோபு அடித்த எண்

அந்தக் காரை விற்பதற்கான விளம்பரத்தை எழுதிக் கொடுத்தது நான். கார் யாக்கோபு அங்கிளுடையதல்ல. அவர் வேலை செய்யும் கராஜின் முதலாளி சால்வோவுடையது. ஆனால் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்தெருவில் எல்லோரும் அதை ‘ஜாக்கோமோவின் கார்’ என்றுதான் சொல்வார்கள். யாக்கோபு என்ற பெயரை சால்வோ முதல் நாளே ஜாக்கோமோ ஆக்கிவிட்டார்.

1967ஆம் ஆண்டு அமெரிக்க மஸ்டாங். இரண்டு கதவு, நீண்ட முன்பக்கம், கரும்பச்சை நிறம். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கோழிக் கொட்டிலிலிருந்து இழுத்து வந்தபோது, பின் இருக்கைக்குள் எலிகள் குட்டி போட்டிருந்தனவாம். மற்ற வாகனங்களின் வேலை முடிந்த பிறகு, சனிக்கிழமைகளில், யாக்கோபு அதைத் துண்டு துண்டாக உயிர்ப்பித்தார்.

இந்த ஒக்டோபரில் சால்வோ சொல்லிவிட்டார்: கார் விற்றால் கராஜை இன்னும் சில வருடம் நடத்தலாம், விற்காவிட்டால் நவம்பரோடு மூடவேண்டியதுதான். முல்லைத்தீவிலிருந்து மனைவி வதனியையும் மகளையும் அழைக்க யாக்கோபு போட்டிருந்த விண்ணப்பம் அந்தக் கராஜின் வேலை ஒப்பந்தத்தை நம்பித்தான் நின்றது. மகளுக்கு இப்போது பதினாறு வயது. பதினெட்டு ஆகிவிட்டால் அவளை அழைக்க முடியாது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் தட்டினேன்.

“என்னென்ன மாத்தினனீங்கள் அங்கிள்?”

“என்ன மாத்தேல்லை எண்டு கேள். முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக். ஐஞ்சு கியர். புது ரேடியேட்டர். ஏசி.”

“பழைய காருக்கு ஏசியோ?”

“ஓகஸ்ட்டிலை இஞ்சை ஏசி இல்லாமல் ஓடிப் பார். காருக்குள்ளையே அவிஞ்சு போவாய்.” சிரித்தார். பிறகு, “நம்பரும் நான்தான் அடிச்சனான். அதையும் போடு பிள்ளை,” என்றார்.

எந்த நம்பர் என்று கேட்டேன். இடது முன் சில்லுக்கு மேலே, பொனெட்டுக்குள், அடிச்சட்டத்தின் எண், அதாவது சாசி நம்பர், பதித்த தகடு இருக்கும். அது துருவேறி உதிர்ந்திருந்தது. எண்ணைத் தாளில் பென்சிலால் உரசிப் பிரதி எடுத்து, தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு ஒட்டி, அதே எண்ணை அச்சு உளியால் ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறார். சால்வோ இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. யுத்த காலத்தில் வன்னிக்குள் வாகனம் திருத்தியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எண் அழிந்தால் அடித்துக் கொடுப்பதும் வேலையில் ஒரு பகுதி.

“அது சின்ன விசயம் அங்கிள்,” என்று நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

“சின்ன விசயமோ? அரை நாள் வேலை!”

விளம்பரத்தைப் பார்த்து நாப்போலியிலிருந்து ஒருவர் காலைக் கப்பலில் வந்தார். பிடித்திருந்தால் மாலைக் கப்பலில் காரோடு திரும்புவதாகச் சொல்லியிருந்தார். ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இறங்கியபோது அவருடைய முகம் மலர்ந்திருந்தது. சால்வோ கோப்பி சொல்லி அனுப்பினார். வந்தவர் கடைசியாகப் பொனெட்டைத் திறக்கச் சொல்லி, கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தது. ஆனாலும் அவ்வளவு பழைய காருக்கு அது மிகப் புதிதாகத் தெரிந்ததோ என்னவோ, விரலை எண்ணின் மேல் ஒருமுறை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

“இது யார் அடித்தது?”

பாராட்டு என்றுதான் யாக்கோபு நினைத்தார். நெஞ்சில் கை வைத்து, “நான்,” என்றார் இத்தாலியனில். “முழுக்க நான். பழையது உக்கிவிட்டது.”

சால்வோ கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

வந்தவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த எண்ணை அனுமதியில்லாமல் யாரும் அடிக்கக்கூடாது, திருட்டுக் காருக்குத்தான் அப்படிச் செய்வார்கள், நீங்கள் நல்லவர் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் நான் தெரிந்துகொண்டே இதை வாங்க முடியாது என்றார். பழைய தகடு இருந்தால் ஏதாவது வழி இருக்கலாம் என்றும் சொன்னார்.

“ஜாக்கோமோ, எங்கே அந்தத் தகடு?” என்று சால்வோ கேட்டார்.

பல்லாரோ சந்தைப் பக்கம் முச்சக்கர வண்டியில் இரும்பு பொறுக்கும் கிழவரிடம் மூன்று வருடங்களுக்கு முன் கொடுத்தாயிற்று. அதைச் சொல்லிக்கொண்டே யாக்கோபு குனிந்து புதுத் தகட்டைத் துணியால் துடைத்தார். சால்வோ ஏசவில்லை. “அவ்வளவு நேர்த்தியாக ஏன் அடித்தாய்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வந்தவர் பொனெட்டை மெதுவாக மூடிவிட்டு வெறுங்கையோடு கப்பலுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து யாக்கோபு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை.

“விளம்பரத்திலை அதை இப்ப போடு பிள்ளை. நம்பர் நான் அடிச்சதெண்டு. ஒளிக்கேல்லை எண்டு தெரிஞ்சால் ஆரும் வாங்குவினம்.”

“அங்கிள், அதை எழுதினால் நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. பொலிஸ் வரும். பிறகு வதனி அன்ரியின்ரை விண்ணப்பம்…”

“அது சரியான நம்பர்தானே?”

“ஓம். சரியான நம்பர்தான்.”

“பிறகென்ன?”

மடிக்கணினி திறந்திருந்தது. ஐந்து கியர், டிஸ்க் பிரேக், ஏசி. விளம்பரத்துக்கு நான் இரண்டு மொழியிலும் எழுதிய எல்லா வரிகளையும் இரண்டு மொழியிலும் அழித்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதை அழிக்கிறேன் என்று கேட்கவில்லை.